சிவப்பு நூல் கட்டாத மூன்று காய்கள்

உப்பு மண்ணிலும் காய்க்கிற கத்திரியை உருவாக்க வேண்டுமென்று சில வருஷங்களாகச் செடிகளோடு மல்லுக்கட்டுகிறேன். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, போர்வெல் தண்ணீரே உப்புக் கரிக்கும் ஓர் ஊரில், ஒரு தம்பதி பாதி நிலத்தைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோடையில் பாத்தி பாத்தியாக இலை கருகியது. ஒரே ஒரு செடி மட்டும் மூன்று காயோடு பச்சையாக நின்றது. அந்த மூன்றும் பழுத்தால்தான் எனக்கு விதை.

விதைக்கு விடும் காயின் காம்பில் சிவப்பு நூல் கட்டுவேன். நூல் இல்லாததை வீட்டம்மா பறித்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஏற்பாடு. அன்று காலை அந்தச் செடி முன் குனிந்தபோது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே அடுத்த பாத்திக்குப் போய்விட்டேன்.

மதியம் அந்த அம்மா, "ஊட்டாண்ட வந்துட்டு சாப்புடாம போனா எப்டி சார்?" என்று உட்காரவைத்துக் காரக்குழம்பு ஊற்றினார். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எந்தச் செடியின் காய் என்று விசாரித்தேன்.

"அந்த ஒத்தச் செடிதான் சார். நீங்க வளத்தது, நீங்களே மொதல்ல சாப்புடணும்னு காலைல பறிச்சேன்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்க்கு எட்டியதுதான் வினை. மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள் நான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "நூல் கட்டினதை ஏம்மா பறிச்சீங்க?" என்று கத்தினேன்.

"நூலு இல்லியே சார்."

கணவர் பாய்ந்தார். "சாரு பொய்யா சொல்றாரு? கண்ணு இன்னா அவிஞ்சி பூட்சா உனுக்கு?"

அந்த அம்மா கரண்டியோடு நின்றார். "நான்தான் சரியா பாக்கல போல" என்றார்.

ஊர் திரும்பும் வழியில், கவரைப்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிச் சட்டைப்பையில் கைவிட்டேன். அளவாக வெட்டிய மூன்று சிவப்பு நூல்கள் வந்தன.

போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். அந்தச் செடி மறுபடி பூக்காமலே காய்ந்துபோனது. அது என் நஷ்டம், போகட்டும். அந்த அம்மா வாங்கிய ஏச்சு எனக்கு வரவேண்டியது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இப்போதும் அங்கே போகிறேன். குழாயடியில் அந்த அம்மா தமக்கென்று வைத்த நாலு கத்திரிச் செடிகள் இருக்கின்றன. சோதனைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் நான் வரும்வரை பறிக்காமல் வைத்திருந்து, ஒவ்வொரு காம்பாகத் திருப்பிக் காட்டுகிறார்.

"நல்லா பாருங்க சார். நூலு இருந்து என் கண்ணுக்குத் தெரியாம பூடப் போவுது."

"பறிங்கம்மா" என்கிறேன். இதுவரை அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன்.