கிழக்குப் பாதி, மேற்குப் பாதி

கோங் தெஷெங் ஒரு ஆணிகூட இல்லாமல், மரத்துக்குள் மரத்தைச் செருகியே கோயில் கூரையை நிறுத்துகிற தச்சர். ஃபூஜியான் கரையோரத்தில் அவருக்கு நிகர் அவர்தான் என்பதில் மற்றவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம். அவருக்கு இருந்ததே இல்லை.

கடலம்மன் கோயிலை வழக்கப்படி இரண்டு கோஷ்டிக்குப் பிரித்துக் கொடுத்தது ஊர். கிழக்குப் பாதி தெஷெங்குக்கு, மேற்குப் பாதி அவர் மனைவியின் அண்ணன் லாய் ஷுன்னுக்கு. நடுவில் படுதா கட்டிப் போட்டி வேலை. இருவருக்கும் பொதுவாக ஊர் கொடுத்த அளவுகோலை ஷுன் மூலையில் சாத்திவிட்டு, தன் அப்பா காலத்து முழக்கோலைக் கையில் எடுத்தார்.

வேலை முடிந்து படுதாவை அவிழ்த்தார்கள். இரண்டு பாதித் தூண்களின் மேலும் முகட்டு விட்டம் ஏறியது. அதன்மேல் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள். எந்தப் பக்கமும் சாயவில்லை.

“பாத்தீங்களா மாப்பிள்ளை?” என்று ஷுன் மார்தட்டினார். “எங்கப்பா கோல்தான் சரின்னு இப்பவாவது ஒத்துக்குங்க!”

“அட போங்க மச்சான். உங்க கோல் முழத்துக்கு அரை விரல் குறைச்சல். ஊர்க் கோலை நீங்க தொட மாட்டீங்கன்னும் தெரியும். அதான் என் தூணையும் அதே அளவு குறைச்சு அறுத்தேன்.”

ஷுன்னின் முகம் சுண்டிவிட்டது. “படுதாவை விலக்கிப் பாத்தீங்களா?”

“எதுக்குப் பாக்கணும்? எங்க கல்யாணத்துக்கு நீங்க செஞ்ச கட்டில்ல இருபது வருஷமாக் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தூங்குறவன் நான்!”