அடிப்பக்கத்தில் இரண்டு பெயர்கள்

போன வாரம் கீழ ராஜ வீதிப் பாத்திரக் கடையில் மனைவி ஒரு எவர்சில்வர் தூக்கு எடுத்தாள். "பேரு என்னங்க வெட்டணும்?" என்று கேட்டபடியே கடைக்காரர் மெஷினை ஓடவிட்டார். பல் டாக்டரிடம் கேட்கிற மாதிரி ஒரு கிர்ர்ர் சத்தம். "ஒண்ணும் வெட்ட வேண்டாம்" என்று நான் சொன்ன வேகத்தில் மனுஷர் சுவிட்சை அணைத்துவிட்டார்.

"பேரு இல்லாட்டி நாளைக்கு நம்ம தூக்குன்னு எப்புடிங்க சொல்றது?" என்றாள் மனைவி.

"பேரு இருந்தா மட்டும் சொல்லிற முடியுமா?"

அவள் கடைக்காரரைப் பார்த்தாள், கடைக்காரர் அவளைப் பார்த்தார். அந்த இடத்தில் விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் டவுனில் ஒரு டூவீலர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். அடுத்த ஸ்டாண்டில் முரளி. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம் என்றால் சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல. அவன் டிபன் பாக்ஸைத் தொலைத்துவிட்டு நாலு மாதம் வாங்கவே இல்லை. திருவரங்குளத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பியிருந்தார். அவருடைய பழைய பைக்கை நாங்கள் இரண்டு பேரும் கடை நேரம் போக உட்கார்ந்து ஓட வைத்துக் கொடுத்தோம். அதற்குப் பதிலாக ஒரு அட்டைப்பெட்டியைத் தந்தார். "என் பையன் ஓட்டுனது தம்பி. கடற்கரை மணல்ல விட்டு நாசம் பண்ணிட்டான். ஒங்களுக்கு ஆவும்னா வச்சுக்கங்க" என்றார்.

உள்ளே ரிமோட்டில் ஓடுகிற ஒரு பொம்மைக் கார், மணல் மேட்டில் தாவுகிற பகி வண்டி. முழங்கை நீளம். பெரிய சக்கரம், நாலு மூலையிலும் விரல் தண்டிக்கு ஷாக் அப்சார்பர், அடியில் அலுமினியத் தகடு. உப்புக்காற்று பட்டு அலுமினியமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. ஆக்சில், திருகு எல்லாம் ஒரே துரு. பெட்டியைத் திறந்ததும் அடித்த அந்தத் துரு வாசம், ஏனோ எனக்குச் சின்ன வயதில் திருக்கோகர்ணத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஜன்னல் கம்பியை ஞாபகப்படுத்தியது. மழை நாளில் அந்தக் கம்பியில் நாக்கை வைத்துப் பார்ப்பேன். உலோகத்தின் மேல் எனக்கு அப்போதே ஒரு கிறுக்கு இருந்திருக்கிறது.

ஏழெட்டு மாதம், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அந்த வண்டிதான். கழற்றிய திருகுகளை முட்டை அட்டையில் குழி குழியாகப் போட்டு வைத்தோம். இரும்புச் சாமானைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவினோம். இதில் என் மேதாவித்தனம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அம்மா பிசுக்குப் பாத்திரத்தைச் சலவை சோடாவில் கொதிக்க வைப்பதைப் பார்த்து, அலுமினிய ஷாக் குழாய் நாலையும் அதே தண்ணீரில் போட்டேன். வெளியே எடுத்தால் நாலும் அட்டக் கரி.

முரளி விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன் மாப்ள, வெளுக்கப் போட்டியா, சாயம் ஏத்தப் போட்டியா?"

அந்தக் கரியை எடுக்கப் போய்த்தான் எனக்குத் தேய்க்கும் வித்தை பிடிபட்டது. வாட்டர் பேப்பர் என்று கறுப்பாக ஒரு உப்புத்தாள் வரும், தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். நானூறாம் நம்பரில் நெடுக்காகத் தேய்த்தால் அறுநூறில் குறுக்காகத் தேய்க்க வேண்டும். முந்தின கோடு ஒன்று விடாமல் மறைந்த பிறகுதான் அடுத்த தாளைத் தொட வேண்டும். அப்படியே ஆயிரம், கடைசியில் ரெண்டாயிரம். அதற்கு மேல் பழைய வேட்டித் துணியில் பாலிஷ் தொட்டுத் துடைத்தால் முகம் பார்க்கலாம். முரளிக்குப் பொறுமை கிடையாது, நானூறிலிருந்து நேராக ஆயிரத்துக்குத் தாவுவான். அவன் கையைப் பிடித்து, "கோடு தெரியுது பாரு, திருப்பிப் போட்டுத் தேய்" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். ஆறு மாதத்தில் என் கைக்கு அவன் கை சமமாகிவிட்டது. எனக்கு அதில் பெருமைகூட.

வேலை முடிந்ததும் அடித்தகட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனோம். "இது என்ன சாமான்? யாரு வீட்டுச் சீர்வரிசை?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் முரளி பெயரையும் பக்கத்திலேயே என் பெயரையும் புள்ளி புள்ளியாக வெட்டித் தந்தார். "அடியில கெடக்குறத எவன்டா பாக்கப் போறான்?" என்றான் முரளி. "நமக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அந்த வண்டியைக் காய்ந்த கண்மாயில் ஓடவிட்டபோது அது முயல் மாதிரி தாவியதையும், ஆடு மேய்த்தவர் துண்டை உதறிக்கொண்டு எங்களைத் துரத்தியதையும் சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

கோயம்புத்தூரில் பழைய மாடல் வண்டிகளைப் புதுப்பிக்கிற ஒரு பட்டறையில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. நீங்களே செய்த வேலை ஒன்றைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆயில் கறையோடு காலம் தள்ளிக்கொண்டிருந்த எனக்கு, இதற்காகவே பிறந்தோம் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் போவதாக இருந்தோம். திங்கட்கிழமை அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

முரளி அங்கேயே வந்துவிட்டான். "நீ அப்பாவப் பாரு மாப்ள. நான் போயி ரெண்டு பேரு வேலையின்னு சொல்லிட்டு வாரேன். அதான் அடியிலயே பேரு இருக்குல்ல" என்றான். கிளம்பும்போது, "ரெண்டாயிரம் தாளு வச்சிருக்கியா? கடைசியா ஒரு கை தேச்சிட்டுப் போறேன்" என்று கேட்டான். கடையில் என் பையில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றேன்.

வேலை கிடைத்ததும் போன் செய்தான். "ஒரு எடந்தானாம்டா. அடுத்த ஆளு ஒன்னயத்தான்னு சொல்லி வச்சிருக்கேன்." நான் கடையில் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வருஷம், போன் அடிக்கும்போதெல்லாம் கோயம்புத்தூர் என்றுதான் எடுத்தேன்.

என் கல்யாணப் பத்திரிகையோடு நேரில் போனேன். முரளி வெளியே போயிருந்தான். பட்டறை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் பகி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான். முதலாளி பெட்டியைத் திறந்து வண்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"மேல்பக்கம் யாரு வேணாலும் தேய்ப்பாங்க தம்பி. யாருமே பாக்காத அடிப்பக்கத்த இந்த மாதிரி கண்ணாடியாட்டம் வச்சிருந்தாரு பாருங்க, அதப் பாத்துத்தான் முரளிய எடுத்தேன். ஒரே ஆளாச் செஞ்சதாம். நீங்க ஒர்க் ஷாப்புலதான இருக்கீங்க? அவருகிட்டக் கத்துக்கலாமே."

தகட்டில் முரளியின் பெயர் இருந்தது. பக்கத்தில் முகம் பார்க்கிற பளபளப்பு. சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கோடு, ஒரு புள்ளி கிடையாது. எங்கும் தாவாமல் ஒவ்வொரு தாளாக, திருப்பித் திருப்பித் தேய்த்திருந்தான். கற்றுக் கொடுத்தபடியே. என் முகம் அதில் தெரிந்தது.

அதற்குள் முரளி வந்துவிட்டான். என் கையில் கவிழ்ந்திருந்த வண்டியைப் பார்த்ததும், "மாப்ள, அது வந்து..." என்றான்.

"நல்லாத் தேச்சிருக்க" என்றேன். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் நின்ற நிற்பு ஞாபகம் வந்து வாயை அடைத்துவிட்டது. பத்திரிகையைக் கொடுக்காமலே பஸ் ஏறினேன். நம்பி மோசம் போனதைவிட, அன்றைக்கு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்ததை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்பட்டேன்.

சர்வீஸ் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கண்மாய்க் கரையில் பிளாட் கல் நட்டுவிட்டார்கள். கோயம்புத்தூர்ப் பட்டறையையும் மூடிவிட்டார்களாம். முரளி எங்கிட்டு இருக்கிறான் என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கிழமையே இல்லாமல் போய் வெகுநாள் ஆகிறது.

அந்த வண்டி எங்கேயாவது யார் வீட்டிலாவது இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால் ஒரு பெயர்தான் தெரியும். ஆனால் பெயர் வெட்டிய இடத்தைத் தேய்த்து எடுத்தால் தகடு அங்கே மயிரிழை மெலிந்துவிடும், அதற்கு எந்தத் தாளாலும் ஒன்றும் செய்ய முடியாது. கட்டைவிரலால் மெல்லத் தடவினால் சின்னதாக ஒரு பள்ளம் தட்டும். அது நான்தான்.