குழாயில் கேட்காத பாட்டு

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி அனுப்பும் கம்பெனி ஒன்றில் கேத்ரினுக்கு பில் போடும் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலை எட்டரை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள் என்றால், பஞ்சு மார்க்கெட் ஸ்டாப் வரும்வரை யாரோடும் பேச மாட்டாள். பாட்டு கேட்கிற பெண் என்றுதான் கண்டக்டர் நினைத்திருந்தார். அவள் கேட்டதெல்லாம் முந்தின நாள் தானே செய்த பாட்டுத்தான். தபேலா கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதா, கீபோர்டு குரலை அமுக்குகிறதா என்று அதே நாற்பது விநாடியை மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டு போவாள்.

பழைய லேப்டாப், இலவசமாக இறக்கிய மென்பொருள், யூடியூப் வீடியோக்கள். நான்கு வருஷமாக இவைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். ஆங்கிலத்தில் எது சொன்னாலும் புரிந்துவிடும் என்பதால் வீடியோக்களுக்குக் குறைவில்லை. எதை முதலில் கற்பது, எதை விடுவது என்பதுதான் தெரியவில்லை. காசு கட்டிப் படிக்க வேண்டுமா என்று இணையத்தில் தேடினால், பாதிப் பேர் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறது என்றார்கள். மீதிப் பேர் முறையாகப் படிக்காதவன் கடைசிவரை தடவிக்கொண்டுதான் இருப்பான் என்றார்கள். இரண்டையும் படித்துவிட்டு, தான் தடவிக்கொண்டிருப்பவள்தான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

சென்னையில் ஒரு நிறுவனம் ஆன்லைனில் ஆறு மாத இசைத் தயாரிப்புப் படிப்பு நடத்தியது. நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கட்டினால் அந்தத் தொகை. அதற்குப் பிறகு அறுபத்தைந்து. இரண்டு வருஷச் சேமிப்பில் அவளிடம் சரியாக ஐம்பதாயிரம் இருந்தது.

அம்மா ஏசம்மாளிடம் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"எம்புட்டுட்டி?"

"நாப்பத்தெட்டு."

"அம்புட்டுக்கு நல்ல எருமையா ஒண்ணு வாங்கலாம்."

"எருமை கீபோர்டு வாசிக்குமா?"

"பால் கறக்கும்ல." ஏசம்மாள் ரசத்தை ஊற்றினாள். "ஒங்காசு, ஒன் இஷ்டம். ஒண்ணு மட்டும் சொல்லு. இப்ப ஒனக்குத் தெரியாதது எது? அதக் கட்டணம் கட்டினா சொல்லித் தருவாங்களா?"

கேத்ரின் சோற்றைப் பிசைந்தாள். எதுவுமே முழுசாகத் தெரியவில்லை என்பதை எப்படி ஒரு பெயர் வைத்துச் சொல்வது. நாளை கட்டிவிடுவது என்று படுக்கும்போது தீர்மானித்தாள்.

மறுநாள் அவளுக்கு இன்னொரு காரியமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குருத்தோலைப் பவனி. ஒவ்வொரு வருஷமும் சபையார் ஓலை பிடித்து நான்கு தெரு சுற்றி வருவார்கள். முன்னால் ரேடியோ செட் வாடகைக்கு விடும் ஐயாதுரையின் ஆட்டோ, அதன் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். வழக்கமாக ஆட்டோவுக்குள் உட்கார்ந்து கீபோர்டு வாசிக்கும் ஸ்டெபின் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், பாடகர் குழுத் தலைவர் ஞானராஜ், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைப் பாடவைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்து தரும்படி கேத்ரினைக் கேட்டிருந்தார். அவள் செய்ததை வெளியாள் ஒருவர் கேட்கப் போவது அதுதான் முதல் தடவை. மூன்று வாரம் உழைத்திருந்தாள். ஹெட்போனில் அந்தப் பிள்ளைகளின் குரல் காதுக்கு வெளியே இரண்டு பக்கமும் விரிந்து, ஆலயம் முழுக்க நின்று பாடுவதுபோல் இருந்தது.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு ஆலய வளாகத்தில் ஒத்திகை. ஐயாதுரை அவளுடைய போனை வாங்கி வயரைச் செருகினார். பாட்டு தொடங்கியது. தபேலா வந்தது. மணி ஓசை வந்தது. பிறகும் தபேலாவும் மணியும் மட்டுமே வந்துகொண்டிருந்தன. எங்கோ கிணற்றடியில் யாரோ முனகுவதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஞானராஜ் கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தார். "கேத்ரின், பிள்ளைங்க இன்னும் ஆரம்பிக்கலையா?"

"பாடிக்கிட்டுத்தான் இருக்காங்கண்ணே."

"அப்படியா," என்றார் அவர்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு பாப்பா," என்றார் ஐயாதுரை. "நேத்து வ. புதுப்பட்டியில காதுகுத்து. மைக்குல மொய் வாசிச்சது மலை வரைக்கும் கேட்டுச்சு." நிரூபிப்பதற்காக வேறொரு பாட்டைப் போட்டார். அதில் பாடியவரின் குரல் கணீரென்று வந்தது. குற்றம் தன்னுடையதுதான் என்பதில் கேத்ரினுக்கு இனிச் சந்தேகம் இல்லை. படிக்காமல் செய்த வேலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

வேப்ப மரத்தடிக்குப் போய் சென்னை நிறுவனத்துக்கு போன் போட்டாள். பணம் கட்டச் சொல்லி தினமும் அவளை அழைக்கும் பெண் எடுத்தாள்.

"மேம், பேமெண்ட் பண்றீங்களா? லிங்க் அனுப்பட்டுமா?"

"பண்றேன். அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். ஹெட்போன்ல கேக்கிற குரல் குழாய்ல போட்டா காணாமப் போகுது. ஏன்னு உங்க கோர்ஸ்ல வருமா?"

"குழாயா?"

"ஆட்டோ மேல கட்டுவாங்கல்ல, அது."

"மேம், நாங்க ஸ்ட்ரீமிங் லெவலுக்குச் சொல்லித் தர்றோம். ஆட்டோவுக்கெல்லாம்... ஏழாவது மாட்யூல்ல வரலாம். நாலாவது மாசம். முதல்ல ஜாயின் பண்ணிடுங்க."

பவனி மறுநாள் காலை ஏழு மணிக்கு. கேத்ரின் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். குரல் இருந்தது. இடது பக்கத்தை மட்டும் கழற்றினாள். இருந்தது. வலது பக்கத்தை மட்டும் கழற்றினாள். அப்போதும் இருந்தது. வயரை உருவிவிட்டு போனின் சொந்த ஸ்பீக்கரில் போட்டாள். குரல் இல்லை. அவளுடைய போனுக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர்தான்.

ஆட்டோவிடம் திரும்பி ஓடினாள். "அண்ணே, இந்த வயர்ல இடது வலது தனித்தனியா போகுதா?"

"தனியா எதுக்கு? ரெண்டையும் ஒண்ணா முறுக்கித்தான் குடுப்பேன். தெருவுக்கு என்ன ரெண்டு காதா இருக்கு?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வீடியோவில் பார்த்த வித்தை அது. குரலைப் பிரதி எடு, பிரதியின் அலையை மட்டும் தலைகீழாகத் திருப்பு, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் அனுப்பு. குரல் அகலமாக விரியும். விரியத்தான் செய்தது. ஆனால் இரண்டையும் ஒரே வயரில் சேர்த்தால், ஒரே கதவை ஆளுக்கொரு பக்கம் நின்று சம பலத்தில் தள்ளுகிற இருவர்போல ஒன்றையொன்று அடக்கிவிடும். கதவு அசையாது. எதிரொலிக்காகத் தனியாகச் சேர்த்ததுதான் கிணற்றடி முனகலாக மிஞ்சியிருந்தது.

இதை நான்கு வருஷத்தில் எப்போதோ கண்டுபிடித்திருக்கலாம். ஒரே ஒரு தடவை பாட்டை அறையில் சத்தமாகப் போட்டிருந்தால் போதும். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும், யாராவது என்ன பாட்டு என்று கேட்பார்கள் என்ற கூச்சத்தில், அவள் ஹெட்போனைக் கழற்றியதே இல்லை.

"செத்த நேரம் இருங்கண்ணே. வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"நான் சோழபுரம் போய்ச் சேரணும் பாப்பா. காலைல ஆறுக்கு வாரேன், அப்பப் பாத்துக்கிடலாம்."

வீட்டில் லேப்டாப்பைத் திறந்து, தலைகீழ்ப் பிரதியை அழித்தாள். குரலை நடுவில் நிறுத்தினாள். அடியில் இருந்த தடித்த ஓசைகள் குழாயில் எடுபடாது என்று இப்போது தெரிந்ததால் அவற்றையும் குறைத்தாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாட்டை அம்மாவின் பழைய போனுக்கு அனுப்பி, அடுப்படி மேடையில் வைத்து, ஜன்னலைத் திறந்துபோட்டு முழுச் சத்தத்தில் கேட்டாள். ஏசம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

"இது யாரு, முன்னால கத்துறது?"

"இருளம்மாள் டீச்சர் மகன்."

"கொஞ்சம் கொற. மத்த பிள்ளைக பாவம்."

குறைத்தாள். சரியாகத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்து தன் போனை எடுத்தபோது மணி ஆறு இருபது. தவறிய அழைப்புகள் ஐந்து. கெடு முடிந்துவிட்டது. பஸ்ஸை விட்ட வருத்தம் வரும் என்று கேத்ரின் சிறிது நேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. கையில் தூக்கிக்கொண்டே அலைந்த குடத்தை யாரோ வாங்கி இறக்கி வைத்ததுபோல் தோள் இரண்டும் தளர்ந்தன.

காலையில் ஐயாதுரை வயரைச் செருகினார். தபேலா, மணி, அப்புறம் இருபத்திரண்டு பிள்ளைகளின் ஓசன்னா பாட்டு. குழாயில் கொஞ்சம் மூக்கால் பாடுவதுபோல் இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. ஞானராஜ் ஓலையைத் தூக்கி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பவனி கிளம்பியது. முதல் தெரு திரும்பும்போது டீக்கடையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஆட்டோவைப் பார்த்தார்கள். கேத்ரின் ஓலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஆனால் வரிசையில் பின்தங்காமல் ஆட்டோவை ஒட்டியே நடந்தாள்.

ஆராதனை முடிந்து பார்த்தபோது போனில் செய்தி வந்திருந்தது. அவளுக்காக மட்டும் சலுகை புதன்கிழமைவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறதாம். அவள் திருப்பி எழுதினாள்: என் பாட்டை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு, குறை சொல்ல ஆள் உண்டா? அதற்கு மட்டும் பணம் தருகிறேன். அப்படி ஒரு திட்டம் இல்லை என்று பதில் வந்தது.

அடுத்த மாதம் மதுரையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தாள். மணிக்கு ஆயிரத்தைந்நூறு. காகிதத்தில் ஒன்பது கேள்வி எழுதிக்கொண்டு போனாள். பாட்டை அவரே பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டுப் பேசினார். அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டது இலவச வீடியோவில் ஒரு வருஷம் ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் ஏசம்மாள் கேட்டாள். "என்னட்டி, தெரியாதது தெரிஞ்சுச்சா?"

"ஏழு தெரிஞ்சுச்சு."

"மிச்சம் ரெண்டு?"

"அது அவியளுக்கும் தெரியலையாம்."

"அப்ப அவியளும் எங்கயாச்சும் ஃபீஸ் கட்டட்டும்," என்று சொல்லிவிட்டு, ஏசம்மாள் அடுப்படி மேடையில் பாட்டுப் போட்டுக் கேட்கப் போன் வைக்கும் இடத்தைத் துடைத்தாள்.