கம்பி சுட்ட காலை

எந்த வேலையிலும் ஒரு மாதம் தாண்டாத நான், யுத்தம் முடிந்த மறுவருடம் கல்முனைப் பக்கம் ஒரு கூட்டுப்பசளைக் களத்தில் சேர்ந்தேன். சந்தைக் கழிவும் மீன் குடலும் வைக்கோலும் வயல் வரம்புபோல் நீளக் குவியல்களாகக் கிடக்கும். ஒரு காலை, ஒரு குவியல் புகைந்தது. நெருப்பென்று பயந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன்.

கூட வேலை செய்த, அக்கா முறையில் எல்லோரும் ராத்தா என்றழைக்கும் றஹீமா ராத்தா ஓடிவந்தார். "அது ஆவி தம்பி. சூடு இருந்தாத்தானே உக்கிப் பசளையாகும். வேகுற சோத்துல பச்சத் தண்ணிய ஊத்திட்டியே."

இரண்டு நாளில் குவியல் நாறியது. அயலவர்கள் களத்தை மூடச் சொல்லி வந்தார்கள். "ஆர்ர வேல இது?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். ராத்தா என்னைப் பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பின்னேரம் பையைக் கட்டினேன். சுனாமிக்குப் பிறகு எல்லா ஊரையும் அப்படித்தான் விட்டுப் போயிருந்தேன்.

ராத்தா தனியாக அந்தக் குவியலைப் புரட்டி உமி கலந்துகொண்டிருந்தார். "போறியா? அந்த மண்வெட்டிய எடுத்துத் தந்திட்டுப் போ."

எடுத்தேன். கொடுக்க மனம் வரவில்லை. நானே புரட்டத் தொடங்கினேன்.

ஐந்தாம் நாள் காலை, சூடு பார்க்கக் குவியலில் செருகியிருந்த இரும்புக் கம்பியை இழுத்தேன். உள்ளங்கை சுட்டது; குவியலுக்குச் சூடு திரும்பியிருந்தது. அந்தக் கையோடு மேற்பார்வையாளரிடம் போய், "நான்தான் ஊத்தினன்" என்றேன்.

ஏசினார். கேட்டுக்கொண்டு நின்றேன். ஏச்சு முடியும்வரை ஓரிடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.