தொப்புள்கொடி டாலர்

நிக்காஹ் மாலையில் ஒரு ரோஜா இதழா, பிள்ளைக்கு முதலில் விழுந்த பல்லா, எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ரெசின் என்கிற கண்ணாடிப் பசையில் வைத்துப் பளபளவென்று டாலராக்கித் தந்துவிடுவாள் காரைக்கால் நௌஷின். பட்டறை எங்கே என்கிறீர்களா? சமையல் மேடைதான். இந்தப் பக்கம் மீன் குழம்பு கொதிக்கும், அந்தப் பக்கம் அச்சில் ரெசின் இறுகும். "குப்பையைக் கோந்துல போட்டு ஊருக்கெல்லாம் மாட்டி விடுறா" என்று மாமியார் மெஹர் பானு துபாயிலிருக்கும் மகனிடம் போனில் புலம்பாத நாளில்லை.

தருமபுரத்து சிவப்ரியா ஒருநாள் சின்னத் துணிப் பொட்டலத்தோடு வந்தாள்.

"எம் பொண்ணோட தொப்புள்கொடிக்கா. வெள்ளித் தாயத்துல அடைச்சு இடுப்புல கட்டுவாங்கல்ல? எங்க அத்தைக்கு ஒங்க டாலர்தான் வேணுமாம். ஞாயித்துக்கிழமை மொத பொறந்தநாளு." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "ஜிகினாவ நல்லா அள்ளிப் போட்ருங்க. உள்ள இருக்கறது தெரியவே வேணாம்."

எல்லோரும் தெளிவாகத் தெரியணும் என்பார்கள், இவள் என்ன தெரிய வேணாம் என்கிறாள்? நௌஷின் காரணம் கேட்கவில்லை.

நம்ம ஊர்க் கடல்காற்றில் உப்பு ஜாடியே கசிந்து நிற்கும். கொஞ்சம் ஈரம் உள்ளே போனாலும் ரெசின் மங்கிவிடும். அதனால் எதையும் அரிசி டப்பாவில் புதைத்து, ஈரம் வற்றின பிறகுதான் நௌஷின் அச்சில் வைப்பாள். இதையும் பொட்டலத்தைப் பிரித்துப் புதைத்தாள். மாமியாரிடம் சொன்னாளா? எங்கே சொன்னாள்! சோறாக்குகிற அரிசியிலா என்று வீடு ரெண்டாகிவிடாதா?

மறுநாள் சாயங்காலம் டீ அபாரம். நௌஷின் இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"என்ன மாமி, இன்னைக்கு இப்படி மணக்குது?"

"அரிசிக்குள்ள சுக்கு ஒண்ணு கெடந்துச்சு. தட்டிப் போட்டேன்."

"யா அல்லா! மாமி, அது ஒரு புள்ளையோட தொப்புள்கொடி!"

மெஹர் பானு கொல்லைக்கு ஓடி வாய் கொப்பளித்ததில் தொட்டித் தண்ணீர் பாதி காலி. திரும்பி வந்து, "வேற சுக்கை வச்சு ஊத்திரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

நௌஷின் சுக்கைக் கையில் எடுக்கவும் செய்தாள். ஆனால் மனசு வரவில்லை. போனால் திரும்பக் கிடைக்காததைத்தான் ஜனங்கள் அவளை நம்பிக் கொடுக்கிறார்கள். இதில் ஒரு பொய்யை வைத்தால் இதுவரை செய்ததெல்லாம் பொய் என்றாகிவிடாதா? எழுந்து நேரே தருமபுரம் போனாள்.

சிவப்ரியா குழந்தையை இடுப்பில் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"டீ எப்படிக்கா இருந்துச்சு?"

"அடிப்பாவி, நல்லாத்தான் இருந்துச்சு!"

"அப்ப சரிதான். அது சுக்குதான்க்கா. நெஜத்தை டயபரோட சுருட்டிக் குப்பையில போட்டுட்டேன். அத்தை கேட்டப்ப பயந்துபோயி..." சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் தேம்பித் தேம்பி அழுதாள். பாவம், வருஷம் பூரா வாயைத் திறக்காமல் கிடந்திருக்கிறாள்.

நௌஷினுக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. "பொய்ய நான் ஊத்த மாட்டேன். புள்ளையோடது நெஜமா ஏதாவது குடு. அத்தைக்கிட்ட நீயே சொல்லிரு."

பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் கட்டிய பட்டை பீரோவில் பத்திரமாக இருந்தது. பெயர் வைக்காத பிள்ளை என்பதால் 'சிவப்ரியா குழந்தை' என்று மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. அந்த எழுத்தை மட்டும் நறுக்கி வைத்து, ஜிகினா ஒரு பொட்டுக்கூடப் போடாமல் நௌஷின் ரெசின் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். சிவப்ரியாவின் மாமியார் பங்கஜவல்லி டாலரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்ரியா சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"சுக்கு எங்கடி?"

"அத்தை! ஒங்களுக்கு எப்படி...?"

"பொட்டலத்தைக் காட்டினப்பவே மணந்துச்சே. நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நான் எம் மாமியார்கிட்ட கடைசிவரைக்கும் சொல்லலை. ஒம் புருசன் தாயத்துல இருக்கறது வசம்பு." சொல்லிவிட்டு டாலரைப் பேத்தியின் கழுத்தில் கட்டினார்.

கேக் வெட்டக் கத்தியோடு நின்றிருந்த சிவப்ரியாவின் புருஷன் கலைவாணனின் இன்னொரு கை மெல்ல இடுப்புக் கயிற்றைத் தடவிப் பார்த்தது.