கலைமதியின் பாறை

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை இரண்டு கைகளிலும் முறுக்கி, புருவத்தின் மேல் சரசரவென்று ஓட்டிக்கொண்டிருக்கும் கலைமதி சட்டென்று நிறுத்துகிறாள். கண் மீன் தொட்டிக்குப் போய்விட்டது. நாற்காலியில் சாய்ந்திருக்கும் ரஞ்சிதம் டீச்சர் ஒரு கண்ணைத் திறந்து, "இன்னா ஆச்சு?" என்கிறார்.

"ஒண்ணும் இல்ல டீச்சர். டக்குனு ஒரு சத்தம் கேட்டுது." பல்லிடுக்கில் நூல் இருப்பதால் சொற்கள் நசுங்கி வருகின்றன. தொண்டூரிலிருந்து பஸ் ஏறி வருகிற டீச்சருக்கு இது புதிதில்லை. ஒரு புருவம் வில்லாகவும் மற்றது புதராகவும் இருக்க, கலைமதி தொட்டியை முறைத்து முடிக்கும்வரை காத்திருந்து பழகியவர் அவர்.

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது கலைமதியின் பியூட்டி பார்லர். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. எதிர்ச்சுவரில் உப்புத் தண்ணீர்த் தொட்டி. புதுச்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மணப்பெண் அலங்காரத்துக்குப் போனபோது, பெண் வரும்வரை அங்கிருந்த கடல்மீன் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெண் வந்த பிறகும் அவளுக்கு எழுந்திருக்க மனமில்லை. அன்று பிடித்த ஆசை. கணவன் தேவேந்திரன் லோடு வண்டி ஓட்டுகிறவன். மரக்காணம் பக்கம் போகும்போதெல்லாம் கேன்களில் கடல் தண்ணீர் பிடித்து வருவான்.

பாறை மட்டும் சென்னைக் கடையிலிருந்து வந்தது. உயிர்ப்பாறை என்று பெயர். கடலடியில் கிடந்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேறிய பாறை. தொட்டித் தண்ணீர் கெடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். தேவேந்திரன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நாலா பக்கமும் மலையா நிக்குது. செஞ்சியில இருந்துக்கினு பாறைய வெல குடுத்து வாங்கனது நீ ஒருத்திதான்."

அந்தப் பாறைக்குள் வேறு யார் யார் வந்தார்கள் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

முதலில் ஒரு பூ முளைத்தது. பழுப்பு நிறம், கண்ணாடி போன்ற இதழ்கள், தண்ணீரில் மெதுவாக ஆடும். ஃபேஷியல் போட்டு உட்கார்ந்திருந்த பெண்கள், முகத்தில் பூசியது வெடித்துவிடாமல் உதட்டை மட்டும் அசைத்து, "சூப்பரா இருக்குது அக்கா" என்றார்கள். கலைமதிக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தாள். அது பூ இல்லை, கொட்டுகிற பிராணி, தொட்டிக்குப் பிடித்த களை என்றான் அதில் ஒருவன். மோவாய் முடி பிடுங்கும் இடுக்கியாலேயே அதைப் பிய்த்தெடுத்தாள். பிய்ந்த துணுக்கெல்லாம் ஆளுக்கொரு மூலையில் ஒட்டிக்கொண்டு தனித்தனிப் பூவாயிற்று. இன்னொரு வீடியோ சுண்ணாம்பைக் கரைத்து ஊசியில் ஏற்றி அதன் வாயில் விடச் சொன்னது. விட்டாள். சில சுருங்கிச் செத்தன. சில சுருங்கிவிட்டு மறுநாள் இன்னும் அகலமாக விரிந்தன.

அதற்குள் பூரான் மாதிரி ஒரு புழு பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டியது. அருவருப்பில் கையை விட்டு இழுத்தவளுக்கு விரல் முழுக்க முள் ஏறிவிட்டது. கடுகடுவென்று வலி. வேக்ஸ் தடவி, பட்டையை ஒட்டி, கையில் முடி எடுப்பது போலவே விரலிலிருந்து முள்ளை உரித்தெடுத்தாள். பிறகு சென்னைக் கடைக்காரர் வளவனுக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, அத எடுத்துட்டீங்களா? அது நல்லது மேடம். மீன் துன்னது போக மிச்சத்த அதுதான் துன்னு தண்ணிய காப்பாத்தும்."

"அப்ப அந்தப் பூவு?"

"அதுதாங்க ஆகாது."

"எனுக்கு ஒண்ணும் பிரியல டீச்சர்" என்றாள் அந்த வாரம். "எத எடுக்கறது, எத வெக்கிறது?"

அப்புறம் மீன் காணாமல் போகத் தொடங்கியது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடியில் ஒன்று முதலில் போயிற்று. பின்னால், சின்ன நீல மீன். செத்து மிதக்கவில்லை, எலும்பு கிடைக்கவில்லை. பாறைக்குள்ளிருந்து அந்த டக் டக் சத்தம் மட்டும் வந்தது. மிஞ்சிய ஆரஞ்சு மீன் தொட்டியின் ஒரு மூலையைவிட்டு நகரவே இல்லை.

"தூக்கி மாடியில வெயில்ல போடு. எல்லாம் செத்துடும்" என்றான் தேவேந்திரன்.

"எல்லாம் செத்துட்டா அப்பறம் அது வெறும் கல்லுதான."

அமாவாசையன்று பார்லரில் கூட்டம் இருக்காது. வருகிற பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் பிதுங்கிக்கொண்டு போகும். அன்று கதவைச் சாத்திவிட்டு, பாறையை ஒரு வாளி வெறும் தண்ணீரில் முக்கினாள். உப்பில்லாத தண்ணீர் பொறுக்காமல் உள்ளே ஒளிந்திருப்பவை வெளியே ஓடிவரும் என்று வளவன் சொல்லியிருந்தார். இரண்டு புழுக்கள் நெளிந்து விழுந்தன. அவற்றுக்குப் பின்னால், உடம்பெல்லாம் முடியாக, கட்டைவிரல் பருமனில் ஒரு நண்டு. பிளீச் கலக்கும் கிண்ணத்தால் கவிழ்த்துப் பிடித்தாள்.

"கொடுக்கு நுனிய பாருங்க மேடம்" என்றார் வளவன் போனில். "கருப்பா இருந்தா மீன அடிக்கும். வெள்ளையா இருந்தா பெரும்பாலும் பயமில்ல."

முகப்பரு பார்க்கும் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தாள். "பிரவுனா இருக்குதுங்க."

"பிரவுனா? அப்ப சொல்ல முடியாதுங்க."

பாறை மறுபடி தொட்டிக்குள் போக, நண்டு ஒரு கண்ணாடி ஜாடிக்குள் கடல் தண்ணீரோடு போனது. ஜாடி மேஜைமேல், நகப்பூச்சுப் புட்டிகளுக்கு நடுவில் நின்றது. கலைமதி தினமும் தண்ணீர் மாற்றினாள். காய்ந்த இறாலைக் கிள்ளிப் போட்டாள்.

"கொன்னுட்டுப் போறத விட்டுட்டு சோறு போடறியே?" என்றார் டீச்சர்.

"தப்பு பண்ணிச்சான்னு தெரியலியே டீச்சர்."

ஒரு நாள் வேக்ஸ் சிந்திவிட்டது. துடைப்பதற்காகத் தொட்டி ஸ்டாண்டின் பின்னால் கையை விட்டவளுக்கு ஏதோ சருகு போலத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். நீல மீன், கருவாடாகக் காய்ந்து கிடந்தது. மூடிக்கும் குழாய்க்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாகத் துள்ளி விழுந்திருக்கிறது.

ஸ்டாண்டை முழுக்க நகர்த்தினாள். சோபாவுக்கு அடியில், கண்ணாடிக்குப் பின்னால், துண்டுக் கூடைக்குள் என்று தேடினாள். காணாமல் போன ஆரஞ்சு மீன் கிடைக்கவில்லை.

சாயங்காலம் வந்த தேவேந்திரன் காய்ந்த மீனைப் பார்த்துவிட்டு ஜாடியைப் பார்த்தான். "அப்ப இது ஒண்ணும் பண்ணலியா?"

"இந்த மீன பண்ணல."

"அந்த ஆரஞ்சு மீன?"

கலைமதி கொசுவலைத் துணியை வெட்டித் தொட்டியின் வாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பக்கம் கட்டிவிட்டு நான்காவது பக்கத்தில் நிறுத்தினாள். மேஜைக்குப் போய் ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். அதைத் தொட்டியின் விளிம்பில் மெதுவாகச் சாய்த்தாள். நண்டு அடியைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது. ஜாடியை இன்னும் சாய்த்துக்கொண்டே, மற்ற கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, மூலையில் நின்ற ஆரஞ்சு மீனுக்கு முன்னால் விரல்களை அகல விரித்து மறைத்துக்கொண்டாள்.