அழித்த வானத்தின் வெள்ளைக் கோடு

பழைய மானிட்டர் சூடேறினால் ஒரு வாசனை வரும்... தூசி கருகுகிற வாசனை. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு மாடி ஆபீஸ். அங்கே பகலெல்லாம் அந்த வாசனைதான்.

எனக்கு இருபத்து மூன்று வயது. நான் புரோகிராமர். பக்கத்து சீட்டில் ஷாஹிதா அக்கா, படங்களை வெட்டித் தருபவர். கிரிவலப் பாதை பற்றி ஒரு சி.டி. செய்துகொண்டிருந்தோம். கருநீல வரைபடத்தின் மேல் கோபுரம் வரும். கிளிக் செய்தால் பெரிதாகும், சின்னதாகும்.

கோபுரத்தின் போட்டோவிலிருந்து, வெயிலில் வெள்ளையாக விழுந்திருந்த வானத்தை மட்டும் அழிக்க வேண்டும். கோபுரத்திலுள்ள ஒவ்வொரு பொம்மையின் கை, கிரீடம், விரல் என்று ஓரமாகவே மௌஸை நகர்த்தி வெட்டினார் அக்கா. நடுவில் மௌஸ் நகராமல் மக்கர் பண்ணும். அதன் அடியிலிருக்கும் உருண்டையைக் கழற்றி, நகத்தால் அழுக்கைச் சுரண்டிவிட்டு மறுபடி உட்காருவார்.

சி.டி.யில் போட்டுப் பார்த்தால்... கோபுரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு.

மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"இன்னாம்மா கட் பண்ணியிருக்க? ஓரமெல்லாம் பிசிறு பிசிறா கீது!"

அக்கா திரும்ப வெட்டினார். மறுபடி கோடு. இன்னொரு தடவை. அதே கோடு.

அப்போது என்னிடம் சொன்னார்: "தம்பி, பெருசா பாத்தா சுத்தமா இருக்குது. சின்னதாக்கினாத்தான் வெள்ளை வருது. உன் புரோகிராம்ல எதாவது இருக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றேன். திறந்துகூடப் பார்க்காமல்! இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

நாலாவது தடவையும் கோடு வந்ததும் மேனேஜர் அவரை டைப்பிங் அறைக்கு மாற்றிவிட்டார்.

இரண்டு நாள் மனசு உறுத்தியது. மூன்றாம் நாள் அவர் வெட்டிய படத்தைத் திறந்து, அழித்த வானத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத இடம்தானே, என்ன ஆகிவிடும்? படத்தைச் சின்னதாக்கினேன்.

கோபுரத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு.

அழித்த வானம் போகவே இல்லை. மறைந்துதான் இருந்தது. படத்தைச் சுருக்கும்போது என் புரோகிராம் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்தது. மறைந்திருந்த வானத்தின் வெள்ளையையும் சேர்த்தே கலந்தது. எந்தப் புள்ளி எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் அதன் நிறத்தை எடுத்திருக்க வேண்டும். நாலே வரி மாற்றினேன். கோடு போய்விட்டது.

மேனேஜரிடம் ஓடினேன். "சார், தப்பு என்னோடது. அக்கா வெட்டினது சரிதான்."

"சரியாயிடுச்சில்ல? வுடு. அந்தம்மா கிட்ட போய் சொல்லி ஏத்தி வுடாத."

நான் வெளியே வந்தேன். டைப்பிங் அறைக்குப் போய் அக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

அவர் கை கீபோர்டிலேயே இருந்தது. "நாலு தடவ வெட்டினேன் தம்பி. நீ ஒரு தடவ தொறந்து பாத்தியா?"

"நீங்க பழைய சீட்டுக்கே வந்துடுங்கக்கா" என்றேன்.

"அவரு எல்லார் எதிர்லயும்தான திட்டுனாரு? அதே மாதிரி எல்லார் எதிர்லயும் சொல்லச் சொல்லு. அப்புறம் வரேன் அந்த சீட்டுக்கு."

மேனேஜர் சொல்லவில்லை. நானும் சொல்ல வைக்கவில்லை. அந்த மாசக் கடைசியில் அக்கா வேலையை விட்டார். சி.டி. வெளிவந்தது. உழைத்தவர்கள் பட்டியலில் என் பேர் இருந்தது, அவர் பேர் இல்லை. என்ன நியாயம் இது?

இப்போதெல்லாம் நிறங்களைக் கலக்கும் அந்த வரிகளை யாரும் கையால் எழுதுவதில்லை. ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும். ஆனால் போன வாரம் எங்கள் மீட்டிங்கில், ஒரு படத்தின் ஓரம் கறுப்பாகத் தெரிந்ததும் வந்த முதல் கேள்வி...

"டிசைன் பண்ணது யாரு?"

"முதல்ல நம்ம புரோகிராமைத் தொறந்து பாருங்க!" என்று கத்திவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது.

இருபத்து மூன்று வயதில், அந்த மாடி ஆபீஸில் வந்திருக்க வேண்டிய சத்தம்.